40 கிலோமீட்டரில் வெளிமாநிலம்! திண்டிவனம் கடலெண்ணெய்க்கு வந்த சோதனை

விழுப்புரத்தில் புதுச்சேரி பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மாநிலம் மாறி மாறி வரும். கோலியனூர், வளவனூர் வரை தமிழ்நாடு. மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி. திருபுவனை தாண்டிக் கண்டமங்கலம் போனால் மறுபடியும் தமிழ்நாடு. அரியூரில் திரும்பவும் புதுச்சேரி. கண்டக்டர் டிக்கெட் கொடுக்கும் வேகம் மாறுவதில்லை. தூங்குகிறவருக்கு எதுவும் தெரிவதில்லை. சாலையோரம் மதுக்கடை போர்டுகள் திடீரென்று கூடுவதையும் குறைவதையும் வைத்துத்தான், எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்று கணக்குப் போட வேண்டும்.

இந்தப் பக்கத்துப் பேருந்துகளில் மூன்று பேர் பயணம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர், சொந்த நிலத்தில் விளைந்த மணிலாக்கொட்டையைப் புதுச்சேரிக்கு எடுத்துப் போகும் விவசாயி. இன்னொருவர், திண்டிவனத்தில் சின்னதாகச் செக்கு வைத்திருக்கும் அக்கா. அவர் கையில் விற்பனைக்குக் கொண்டுபோகும் நான்கு டின் கடலெண்ணெய். மூன்றாமவர், புதுச்சேரியில் பில் போட்டு வாங்கிய இரண்டு பாட்டிலைப் பைக்குள் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு ஊர் திரும்பும் இளைஞர்.

மூன்றும் சரக்குதான். மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. பாட்டில் வைத்திருப்பவருக்குச் சிக்கல் என்பது இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எண்ணெய் டின் வைத்திருக்கும் அக்காவுக்கும் சிக்கல் உண்டு என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி.

சுங்கம் தவிர்த்த சட்டம்

சரக்கு போகும் வழியில் சாவடி போட்டு வசூலிப்பது நம் ஊரில் ஆயிரம் வருடப் பழக்கம். அதை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பட்டம் கொடுத்தார்கள். வரியை ரத்து செய்த ராஜாவை இத்தனை நூற்றாண்டுகள் கழித்தும் ஞாபகம் வைத்திருக்கிறோம் என்றால், அந்தச் சுங்கம் எவ்வளவு கசந்திருக்கும் பாருங்கள்.

நம் அரசியல் சட்டம் அந்த வேலையை ஒரே வாக்கியத்தில் செய்யப் பார்த்தது. 301-ஆவது பிரிவு. இந்தியா முழுவதும் வணிகமும் போக்குவரத்தும் தடையில்லாமல் நடக்க வேண்டும் என்கிறது அது. ஆஸ்திரேலிய அரசியல் சட்டத்தின் 92-ஆவது பிரிவைப் பார்த்து எடுத்துக்கொண்ட யோசனை. ஆனால், அடுத்தடுத்த பிரிவுகளில் விலக்குகளும் வரிசையாக வந்துவிட்டன. பொதுநலன் கருதி நாடாளுமன்றம் கட்டுப்பாடு போடலாம் (302). மாநிலங்களும் நியாயமான கட்டுப்பாடு போடலாம். ஆனால், குடியரசுத் தலைவரின் முன் அனுமதி வேண்டும் (304-பி).

இதில் சாமானிய வியாபாரிக்கு உயிர்நாடி 304-ஏ. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஒரு மாநிலம் வரி போடலாம். ஆனால், அதே மாதிரி உள்ளூர்ச் சரக்குக்குப் போடும் வரிக்கு மேல் போடக் கூடாது. ‘பிற மாநிலங்கள் அல்லது யூனியன் பிரதேசங்கள்’ என்று அந்தப் பிரிவிலேயே தெளிவாக எழுதியிருக்கிறது. எனவே, புதுச்சேரிச் சரக்கை விழுப்புரமோ, விழுப்புரச் சரக்கைப் புதுச்சேரியோ மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்த முடியாது.

நிஜமாகவே சுங்கக் கோடு இருந்த காலம்

இந்தப் பகுதிக்கு ‘எல்லை’ என்பது வெறும் போர்டு விஷயமாக இருந்ததில்லை. வீட்டுப் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பிரெஞ்சுப் புதுச்சேரி ஒரே துண்டாக இருக்கவில்லை. தென்னார்க்காட்டுக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தது. வயல் ஒரு நாட்டில், வீடு ஒரு நாட்டில் என்ற நிலை. விழுப்புரத்திலிருந்து 1879-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஆனால், சரக்கு வேறு நாட்டுக்குப் போகிறது என்பது மாறவில்லை. 1941-ல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சிந்தியாவும் சுங்க ஒன்றியம் அமைத்துக்கொண்டன. சுதந்திரத்துக்குப் பிறகு 1949-ல் இந்தியா அதை முடித்துக்கொண்டது. அதோடு, துண்டு துண்டான அந்த எல்லையைச் சுற்றிச் சுங்கக் காவல் வந்தது.

1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் நடந்த வாக்கெடுப்பில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் கைமாறியது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் முடிந்தது. நாட்டு எல்லை மாநில எல்லையானது. கோடு மட்டும் பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அதே இடத்தில், அதே வளைவு நெளிவுகளோடு இருக்கிறது. பஸ் மாறி மாறி மாநிலம் தாண்டுவது அதனால்தான்.

தோல் வியாபாரிகள் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு

301-ஆவது பிரிவு காகிதத்தில் இருந்தால் போதுமா? யாராவது கோர்ட்டுக்குப் போனால்தானே அதற்கு உயிர் வரும்? அசாமிலிருந்து கல்கத்தாவுக்குப் போகும் தேயிலைக்கு வழிவரி போட்டதை எதிர்த்து அதியாபாரி தேயிலைக் கம்பெனி வழக்குப் போட்டு ஜெயித்தது 1960-ல். ஆனால், நமக்கு நெருக்கமான கதை சென்னை மாகாணத்துத் தோல் கதை.

அப்போது விற்பனை வரி விதி ஒன்று இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் அதில் எந்த வஞ்சனையும் இல்லை. பதனிட்ட தோலுக்கு வரி விகிதம் எல்லோருக்கும் ஒன்றுதான். சூட்சுமம், எந்த விலைக்கு வரி என்பதில் இருந்தது. உள்ளூரில் பதனிட்ட தோலுக்கு, அது பச்சைத் தோலாக வாங்கப்பட்டபோது இருந்த விலையில் வரி. வெளிமாநிலத்திலிருந்து பதனிட்டே வந்த தோலுக்கு, பதனிட்ட பிறகான முழு விலையில் வரி. புரிவதற்கு ஒரு கணக்கு: பச்சைத் தோல் 100 ரூபாய், பதனிட்டால் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உள்ளூர்க்காரர் 100 ரூபாய்க்கு வரி கட்டுவார். வெளியிலிருந்து கொண்டுவந்தவர் 150 ரூபாய்க்குக் கட்டுவார். விகிதம் ஒன்று, வலி வேறு.

மெஹ்தாப் மஜீத் என்ற நிறுவனம் உச்ச நீதிமன்றம் வரை போனது. இது 304-ஏ பிரிவுக்கு விரோதமான பாகுபாடு என்று கோர்ட் அந்த விதியை ரத்து செய்தது. மாகாண அரசு விடவில்லை. 1963-ல் தனிச் சட்டமே போட்டு அந்த வரியைக் காப்பாற்றப் பார்த்தது. ஹாஜி அப்துல் ஷுக்கூர் வழக்கில் 1964-ல் அதன் முக்கியப் பிரிவும் அடிபட்டுப்போனது. பேப்பரில் சமமாக இருந்தால் போதாது, கல்லாவில் சமமாக இருக்க வேண்டும் என்பதை நாட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர்கள் தமிழ்நாட்டுத் தோல் வியாபாரிகள்தான். இந்தப் பெருமையை நாம் அவ்வளவாகப் பேசிக்கொள்வதில்லை.

2016 நவம்பரில் ஜிண்டால் ஸ்டெயின்லெஸ் வழக்கில் 9 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 2 என்ற கணக்கில் விஷயத்தை முடித்துவைத்தார்கள். வரி போடுவதாலேயே சுதந்திர வணிகம் பாதிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. பாகுபாடு காட்டும் வரிதான் தப்பு. தேயிலைத் தீர்ப்பின் வாதம் இதோடு விலகியது. தோல் தீர்ப்பின் அடிப்படை நின்றது.

கட்டை தூக்கப்பட்டது, ஆனால்…

2017 ஜூலை 1. ஜிஎஸ்டி வந்த நாள். மாநில எல்லைகளில் லாரிகள் வரிசைகட்டி நின்ற வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. ராத்திரி முழுக்க பில்லைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்த டிரைவர்களுக்கு அது பெரிய விடுதலை. சாவடிக்குப் பதிலாக இ-வே பில் வந்தது. சரக்கு கிளம்பும்போதே இணையத்தில் பதிவு செய்து எண் வாங்கிவிட வேண்டும். 

இங்கேதான் பிரெஞ்சுக்காரன் கோடு மறுபடி தலைகாட்டுகிறது. தமிழ்நாட்டுக்குள் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையிலான சரக்குக்கு இ-வே பில் வேண்டாம். மாநிலம் தாண்டினால் வரம்பு 50,000 ரூபாய். திண்டிவனத்திலிருந்து 80,000 ரூபாய்ச் சரக்கு ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி நாகர்கோவிலுக்கு இ-வே பில் இல்லாமல் போகலாம். நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் புதுச்சேரிக்குப் போகக் கூடாது. பிடிபட்டால் அபராதம், கட்ட வேண்டிய வரியைப் போல இரண்டு மடங்கு.

லாரி நிறையச் சரக்கு ஏற்றுகிறவருக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. ஆபீஸில் கம்ப்யூட்டர் உண்டு, கணக்குப்பிள்ளை உண்டு. அடி விழுவது நம் செக்கு அக்காவுக்கு.

திண்டிவனம் மண்ணுக்கும் மணிலாவுக்கும் உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ‘டி.எம்.வி’ ரகங்களின் பெயரிலேயே திண்டிவனம் ஒளிந்திருக்கிறது. அந்த விதை ஆந்திரா, கர்நாடகா என்று எல்லை பார்க்காமல் போய் விளைந்தது. அந்தக் கடலையை ஆட்டி எடுக்கும் எண்ணெய், கோரிமேடு தாண்டுவதற்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்கும் ஒருவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டி பதிவு வேண்டாம். செக்கு அக்காவின் வியாபாரம் அதில் பாதிகூட இல்லை என்று வையுங்கள். சென்னைக்கு அனுப்பலாம், மதுரைக்கு அனுப்பலாம், கேள்வி இல்லை. ஆனால், மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆவது பிரிவு ஒன்று சொல்கிறது: வரிக்குரிய பொருளை மாநிலம் தாண்டி விற்பவர், விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். 40 லட்சம் கணக்கு அங்கே செல்லாது. புதுச்சேரியில் ஒரு கடைக்கு மாதம் நான்கு டின் அனுப்பினாலும் பதிவு, ரிட்டர்ன், கணக்கு எல்லாம் வந்து சேரும்.

‘சரி, சின்ன வியாபாரிகளுக்கு ஒரு சதவிகித வரியில் தொகுப்புத் திட்டம் இருக்கிறதே?’ என்று கேட்கலாம். இருக்கிறது. அதில் சேர்ந்தவர் மாநிலம் தாண்டிச் சரக்கு விற்கவே கூடாது. ‘ஆன்லைனில் போடலாமே?’ என்பது அடுத்த கேள்வி. 2023 அக்டோபர் முதல், பதிவு செய்யாத சிறு வியாபாரிகளும் ஆன்லைன் தளங்கள் மூலம் விற்கலாம் என்று வழி திறந்தார்கள். ஆனால், சொந்த மாநிலத்துக்குள் மட்டும். மூன்று கதவும் அதே கோட்டில் போய் முட்டுகின்றன.

வேடிக்கை இன்னும் இருக்கிறது. அதே அக்காவின் தம்பி, கம்ப்யூட்டர் ரிப்பேரோ டிசைன் வேலையோ செய்து புதுச்சேரி ஆபீஸுக்கு பில் போட்டால், 20 லட்சம் வரை பதிவு வேண்டாம். சேவைத் தொழில்களுக்கு 2017 அக்டோபரிலேயே அந்தச் சலுகை வந்துவிட்டது. மண்பாண்டம் போன்ற கைவினைப் பொருட்களுக்கும் விலக்கு உண்டு. அதிலும் ஒரு முடிச்சு: பதிவில்லாமல் மாநிலம் தாண்டி அனுப்பினால், சரக்கின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் எடுக்க வேண்டும். சொந்த நிலத்து விளைச்சலை விற்கும் விவசாயிக்குப் பதிவே தேவையில்லை. ஆகவே பஸ்ஸில் மணிலாக்கொட்டை மூட்டையோடு போகும் முதல் ஆள் தப்பித்தார். கொட்டையை எண்ணெயாக்கிய அக்காதான் மாட்டிக்கொண்டார்.

பாகுபாடு என்று இதை எதிர்த்துத் தோல் வியாபாரிகள் மாதிரி கோர்ட்டுக்குப் போனால்? கஷ்டம். இது மாநிலச் சட்டமல்ல; நாடாளுமன்றம் போட்டது. 302-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்குக் கை நிறைய அதிகாரம் தருகிறது. வரியிலும் வித்தியாசம் இல்லை. எண்ணெய்க்கு இங்கேயும் அங்கேயும் அதே 5 சதவிகிதம். பாரம் முழுக்கக் காகித வேலையில் இருக்கிறது. மாநிலம் தாண்டிய வணிகத்தைக் கண்காணிக்கத் தனி அமைப்பு வைக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 307-ஆவது பிரிவு சொல்கிறது. சர்க்காரியா கமிஷன் எண்பதுகளிலேயே அதை வலியுறுத்தியது. அப்படி ஓர் அமைப்பு இன்றுவரை வரவில்லை. இருந்திருந்தால் இந்த அக்காக்கள் மனு கொடுக்க ஓர் இடமாவது இருந்திருக்கும்.

மாற்றக்கூடிய இடம் ஜிஎஸ்டி கவுன்சில். அதில் தமிழ்நாடும் உட்கார்ந்திருக்கிறது, புதுச்சேரியும் உட்கார்ந்திருக்கிறது. சேவைக்குக் கொடுத்ததைச் சரக்குக்கும் கொடுங்கள் என்று கேட்பதற்கு, இப்படி ஒருவருக்குள் ஒருவர் பின்னிக் கிடக்கும் இந்த இரண்டு அரசுகளைவிடப் பொருத்தமானவர்கள் வேறு யார்?

ஐரோப்பாவில் ஒரு பாட்டில்

பையில் பாட்டிலோடு வரும் அந்த இளைஞரை மறந்துவிடவில்லை. அவருக்கு முன், ஐரோப்பாவில் நடந்த ஒரு பாட்டில் கதை.

பிரான்ஸில் டிஜோன் நகரத்தில் ‘கஸீஸ்’ என்ற பழ மது பிரபலம். ஆல்கஹால் 15 முதல் 20 சதவிகிதம்தான். ஜெர்மனியில் அந்த வகை மதுவில் குறைந்தது 25 சதவிகிதம் இருக்க வேண்டும் என்று சட்டம். இறக்குமதி செய்யப் போன ரேவே என்ற வணிக நிறுவனத்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. போதை குறைந்த மது எளிதில் குடிப்பழக்கத்தை உண்டாக்கிவிடும் என்று ஜெர்மன் தரப்பு வாதாடியது! 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ஓர் உறுப்பு நாட்டில் சட்டப்படி விற்கும் பொருளை, தகுந்த காரணமில்லாமல் இன்னொரு நாடு தடுக்கக் கூடாது என்றது. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்கு அடித்தளமான தீர்ப்புகளில் ஒன்று இந்த மது பாட்டிலிலிருந்து வந்ததுதான்.

இங்கே நேர் எதிர். சூதாட்டம் சட்டம் பாதுகாக்கும் வணிகமே இல்லை என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மதுவை விற்பது யாருக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று தொண்ணூறுகளில் கோடே டிஸ்டிலரீஸ் வழக்கில் உறுதிசெய்தது. மதுவிலக்கை நோக்கிப் போக வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 47-ஆவது பிரிவே அரசுக்கு வழி சொல்கிறது. ஜிஎஸ்டியிலும் மது கிடையாது. புதுச்சேரியில் முறையாக பில் போட்டு வாங்கினாலும், தமிழ்நாட்டின் அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் பாயும். கிளியனூர், கோட்டக்குப்பம் பக்கத்துச் சோதனைச்சாவடிகள் ஜிஎஸ்டி வந்த பிறகும் அப்படியே இருப்பது இதற்காகத்தான். மலிவாகக் கிடைத்த பாட்டிலுக்காக டூ-வீலரையே பறிகொடுத்துவிட்டு, அது போலீஸ் ஏலத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு.

டாஸ்மாக் வருமானத்தைக் காப்பாற்றத்தான் இந்தக் கெடுபிடி என்று டீக்கடைகளில் பேசுவார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால், 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். மெத்தனால் என்பது தொழிற்சாலைகளுக்குச் சாதாரணச் சரக்காகப் போய்வரும் ரசாயனம். அந்தக் குப்பத்து வீடுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு, சரக்கு எதுவானாலும் தடையில்லாமல் போகட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. சாவடியில் பையைத் திறந்து காட்டச் சொல்லும்போது வரும் எரிச்சலை, இதற்காகவாவது பொறுத்துக்கொள்ளலாம்.

பெட்ரோல், டீசல் கதை சின்னது. அரசியல் சட்டப்படி அவை ஜிஎஸ்டிக்குள் வரலாம். தேதியைக் கவுன்சில் இன்னும் குறிக்கவில்லை. அதுவரை ஒவ்வொரு அரசும் தன் வரியைப் போட்டுக்கொள்ளும். புதுச்சேரியில் விலை குறைவு. அங்கே போய் டாங்கை நிரப்பிக்கொண்டு வர எந்தத் தடையும் இல்லை என்பது இந்தப் பக்கத்து வண்டிக்காரர்களுக்கு மனப்பாடம்.

வந்து வாங்கிப் போனால்?

செக்கு அக்காவுக்கு என்ன வழி? இணையத்தில் ஜிஎஸ்டி பதிவு செய்யக் கட்டணம் இல்லை. ஆனால், விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும்; விட்டால் தாமதக் கட்டணம். ஆடிட்டருக்கோ பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கோ அழ வேண்டும். ஒருமுறை பதிவு செய்துவிட்டால், உள்ளூரில் விற்கும் எண்ணெய்க்கும் வரி சேர்த்துதான் விலை சொல்ல வேண்டும். புதுச்சேரிக்குப் போகும் நான்கு டின்னுக்காகத் திண்டிவனம் வாடிக்கையாளரிடம் விலையை ஏற்றுவதா என்று அவர் யோசிப்பார்.

இன்னொரு வழி, சட்டத்திலேயே இருப்பது. புதுச்சேரியிலிருந்து ஒருவர் நேரில் வந்து, திண்டிவனம் கடையிலேயே காசு கொடுத்துத் தன் வீட்டுக்கு எண்ணெய் வாங்கிப் போனால், அது கடை வாசலிலேயே முடிந்த தமிழ்நாட்டு விற்பனை. அதே எண்ணெயை அதே வீட்டுக்கு அக்கா ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால் மாநிலம் தாண்டிய விற்பனை.

அதனால் கோரிமேட்டு வாடிக்கையாளரிடம் அக்கா போனில் இப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்: “அனுப்பி வைக்க முடியாதுங்க. ஞாயித்துக்கெழமை வர்றீங்களா? வரும்போது கேன் எடுத்துட்டு வந்துடுங்க.”